அக்கா கைன்னு ஒரு ஃபைல்

எனக்குக் கோவம் மூக்கு நுனியிலேயே உக்காந்திருக்கும்னு வீட்டுல, கம்பெனியில, கச்சேரி ட்ரூப்புல எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். ஆனா இந்த விஷயத்துல என் கோவம் முதல்ல போனது ஒரு கீபோர்டு மேல. பாவம், அது மேல ஒரு தப்பும் இல்ல.

எங்க வீடு மீஞ்சூர்ல. வேலை கும்மிடிப்பூண்டியில, காருக்கு வயரிங் கட்டுற கம்பெனி. வயருங்களைக் கொத்தாக் கட்டி, நுனியில பிளக்கு மாட்டி, டெஸ்ட் போர்டுல வச்சுப் பச்சை லைட்டு எரியுதான்னு பார்த்து அனுப்பணும். பதினாறு வருஷமா அந்த போர்டு முன்னாடிதான் உக்காந்திருக்கேன். லைட்டு எரியலன்னா எங்க ஆளுங்க தலையைச் சொறியமாட்டாங்க. நல்ல பிளக்கு ஒண்ணை எடுத்து மாத்திப் பார்ப்பாங்க. அப்பவும் எரியலன்னா வயரை மாத்துவாங்க. எதை மாத்தினதும் எரியுதோ அதுதான் குத்தவாளி. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நான் கத்துக் குடுக்கறதே அதுதான். யோசிக்காத, மாத்திப் பாரு.

லீவு நாள்ல நான் கீபோர்டு வாசிக்கிறவ. சின்ன வயசுல கிளாஸுக்குப் போய்க் கத்துக்கிட்டது. எங்க ட்ரூப்புல பேடு, அதாவது குச்சியால தட்டற எலக்ட்ரானிக் டிரம், வாசிக்கிறவன் புதுவாயல் கூட்ரோட்டுல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான். கூடப் பொறந்தவன் இல்ல. ஆனா பதினோரு வருஷமா அக்கா அக்கான்னு கூப்பிட்டு, நானும் தம்பின்னே நம்பிட்டேன். அவன் பொண்ணுக்குக் காது குத்தினப்ப அத்தை முறை செஞ்சது நான்தான். என் புருஷனை அவன் மாமான்னுதான் கூப்பிடுவான்.

எங்க ட்ரூப்புக்கு ஒரு பெருமை உண்டு. இப்பல்லாம் பாதி ட்ரூப்புங்க ட்ராக்கைப் போட்டுட்டு, அதாவது முன்னாடியே ரெக்கார்டு பண்ணின பாட்டை ஓட விட்டுட்டு, மேடையில சும்மா கையை ஆட்டறாங்க. நான் இருக்கிற வரைக்கும் அந்த வேலை இங்க நடக்காதுன்னு சொல்லி வச்சிருந்தேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு மீனவர் குப்பம். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்துற ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் எங்க கச்சேரி. எட்டு வருஷத்துக்கு முன்னாடி கரகம் தண்ணிக்கரையில இருந்து கிளம்பினப்ப மேளக்காரங்க வந்து சேரல. ஊர்ப் பெரியவங்க என்னைப் பார்த்து, "நீ எதுனா வாசிம்மா"ன்னாங்க. நான் கீபோர்டுல புல்லாங்குழல் சத்தத்தை வச்சு மனசுல வந்த ஒரு மெட்டை வாசிச்சேன். கரகம் கோயிலுக்கு வந்து இறங்கற வரைக்கும் வாசிச்சேன். அந்த வருஷம் வலை நிறைய இறால் விழுந்துச்சாம். அவ்வளவுதான், அதுவே வழக்கமாயிடுச்சு. கரகம் நடக்கற வரைக்கும் குழல் அறுபடக் கூடாது. ஊரே வாயைத் திறக்காம நிக்கும். கரகம் எடுக்கறவர் அந்தச் சத்தத்தைப் புடிச்சுக்கினுதான் காலை வைப்பாரு. வருஷம் முழுக்க வயரையே பார்த்துட்டிருக்கிறவளுக்கு அந்தக் கால் மணி நேரம் எவ்வளவு பெரிசுன்னு யாருக்குச் சொல்லிப் புரியவைக்கறது?

இந்த வருஷம் ஆனி மாசம் லேப்டாப் அடிக்கடி நின்னு நின்னு போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை நானே உக்காந்து எல்லாத்தையும் அழிச்சு, வாசிக்கிற சாஃப்ட்வேரைப் புதுசா ஏத்தினேன். எங்க கீபோர்டுக்குன்னு தனியா சத்தம் கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு பலமா அழுத்தினோம்னு வயர் வழியா லேப்டாப்புக்குச் சொல்லும், அவ்வளவுதான். சத்தம் போடறது லேப்டாப். தம்பிகிட்ட போன்ல பெருமையாச் சொன்னேன். "இன்னாக்கா, எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா?"ன்னான். ஆமாண்டா, சுத்தமான்னேன்.

மறுநாள்ல இருந்து கட்டைங்க மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. அழுத்தினா ஒரு தரம் சத்தம் வருது, ஒரு தரம் வரல. மெட்டு நடுவுல பல்லு விழுந்த மாதிரி ஓட்டை ஓட்டையாக் கேக்குது. எனக்கு வந்துச்சு பாரு கோவம்!

கீபோர்டைக் குப்புறப் போட்டு ஸ்க்ரூவெல்லாம் கழட்டினேன். கட்டைக்கு அடியில இருக்கிற ரப்பர் பட்டையை ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்சேன். வரல. வயரை மாத்தினேன். வேற ஓட்டையில சொருகினேன். கால் பெடலைக் கழட்டிப் போட்டேன். ஒரே நேரத்துல எத்தனை சத்தம் வரலாம்னு சாஃப்ட்வேர்ல ஒரு கணக்கு இருக்கு, அதைத் தாண்டினா பழைய சத்தத்தை வெட்டிடும். அதை ரெண்டு மடங்கு ஆக்கினேன். ஹூம். பொன்னேரியில ஒரு மியூசிக் கிளாஸ்ல கெஞ்சி வேற கீபோர்டு வாங்கியாந்தேன். அதுலயும் அதே கூத்து. கம்பெனித் தோழி ஒருத்தியோட லேப்டாப்ல சாஃப்ட்வேரை ஏத்திப் பார்த்தேன். அதுலயும் அதேதான். கீபோர்டு வித்த கடைக்காரரை, சாஃப்ட்வேர் பண்ணவனை, கடைசியில மின்சாரத்தைக் கூட திட்டித் தீர்த்துட்டேன். தம்பி ரெண்டு ஞாயித்துக்கிழமை பக்கத்துலயே உக்காந்து, நான் ஸ்க்ரூ கழட்டறதைப் பார்த்துக்கினு இருந்தான். "இன்னான்னே தெரிலக்கா, பேஜாரா கீது"ன்னான். டார்ச் அடிச்சுக் கூட குடுத்தான், மகராசன்.

அப்புறம் ஒரு நாள் லேப்டாப்புக்கு என்னதான் போகுதுன்னு காட்டுற ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வச்சேன். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் அதுல ஒரு எண் வரும். அழுத்தின வேகம் அது. எழுபது, எழுபத்திரெண்டு, அறுபத்தெட்டு, ஒம்போது, ஆறு. இந்தப் புல்லாங்குழல் இருபதுக்குக் கீழ வந்தா ஊதாது, செஞ்சவன் அப்படித்தான் செஞ்சிருக்கான். சரி, எந்தக் கட்டை கெட்டுப் போச்சுன்னு கம்பெனிப் பழக்கத்துல நோட்டுல குறிச்சேன். ஒரு தரம் இந்தக் கட்டை, அடுத்த தரம் வேற கட்டை. குத்தவாளி ஒரு இடத்துல நிக்கல. ஒம்போது வந்த கட்டையை இடது கையால அழுத்தினேன். எழுபத்தொண்ணு. வலது கை நடுவிரலால அழுத்தினேன். எழுபது. மோதிர விரலால அழுத்தினேன். எட்டு. சுண்டு விரல், அஞ்சு.

அப்படியே கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். வயரை மாத்தினேன், கீபோர்டை மாத்தினேன், லேப்டாப்பை மாத்தினேன். என் கையை மாத்திப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. பதினாறு வருஷமா ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவ நான்.

பொன்னேரியில வாரத்துக்கு ஒரு நாள் நரம்பு டாக்டர் வந்து உக்காருவாரு. புருஷன் கூட வந்தாரு. அவர் கடல் தண்ணியை நல்ல தண்ணியாக்குற பிளான்ட்டுக்கு ஆள் ஏத்துற வேன் ஓட்டறவரு, அன்னிக்கு லீவு போட்டாரு. டாக்டர் என் முழங்கையைத் தட்டிப் பார்த்து, எங்கயாவது முழங்கையை ஊனிக்கிற பழக்கம் இருக்கான்னு கேட்டாரு. டெஸ்ட் போர்டு மேஜையோட இரும்பு ஓரம் என் கண்ணு முன்னாடி வந்துச்சு. எவ்வளவு நாளா இப்படின்னாரு. ஒரு மாசம்னு சொன்னேன். அவர் என் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல குழி விழுந்திருக்கிற இடத்தை அமுக்கிக் காட்டி, "ஒரு மாசத்துல இப்படி வத்தாதும்மா"ன்னாரு.

எங்க ஊட்டுக்காரரு தரையைப் பார்த்துக்கிட்டே, "ரெண்டு வருஷம் இருக்கும் சார்"னாரு.

டாக்டர் பொறுமையாத்தான் சொன்னாரு. முழங்கை வழியா மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போற நரம்பு நசுங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணினா இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாம், போன பலம் திரும்புமான்னு உறுதியாச் சொல்ல முடியாது, ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்னாரு. ஆடி முடிஞ்சதும் ஆபரேஷன்னு முடிவாச்சு. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன், காதுல ஏறல. ரெண்டு வருஷம்னு எங்க ஊட்டுக்காரரு சொன்னது மட்டும்தான் உள்ள ஓடிட்டிருந்துச்சு.

ரெண்டு வருஷமா எங்க வீட்டுல சோறு வடிக்கிறது அவர்தான். பாட்டில் மூடி திறக்கறது, ஜாக்கெட் பின் ஹூக்கு மாட்டி விடறது, துணி பிழியறது எல்லாம் அவர்தான். கல்யாணமாகிப் பத்தொம்பது வருஷம் கழிச்சு இன்னா திடீர்னு பாசம் பொங்குதுன்னு நானே கிண்டல் பண்ணியிருக்கேன். கம்பெனியில பொம்பளைங்ககிட்ட பெருமையடிச்சிருக்கேன். டம்ளர் கீழ விழுந்தா, "ஈரக் கை, அதான் வழுக்குச்சு"ன்னு எனக்கு முன்னாடி அவர் சொல்லிடுவாரு. எனக்கே காது குத்தியிருக்காரு மனுஷன்!

வீட்டுக்கு வந்ததும் அழிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்து வச்ச பென்டிரைவைத் தேடினேன். போன மாசம் வரைக்கும் எப்படிச் சத்தம் வந்துச்சுன்னு தெரியணுமே. பழைய செட்டிங்கு எல்லாம் அதுல இருந்துச்சு. நடுவுல ஆங்கில எழுத்துல 'அக்கா கை'ன்னு ஒரு ஃபைல். திறந்தா ஒரு கோடு. மெதுவா அழுத்தினா மெதுவா, பலமா அழுத்தினா பலமா கேக்கணும்னா அந்தக் கோடு சாய்வா ஏறணும். இது எடுத்த எடுப்புலயே செங்குத்தா ஏறி நின்னுச்சு. எவ்வளவு மெதுவாத் தொட்டாலும் எழுபதுன்னு கணக்குல எழுதிக்கோன்னு அர்த்தம். ஃபைல் பண்ணினது ரெண்டு வருஷம் முந்தின ஆடி. ரெண்டு வருஷமா என் குழல்ல ஏத்தமும் இல்ல, இறக்கமும் இல்லன்னு நான் ஸ்பீக்கரைத் திட்டிக்கினு இருந்தது அப்பதான் புரிஞ்சுது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸுல இருந்து புதுவாயல்லயே இறங்கிட்டேன். கடையில தம்பி ஏதோ ஒரு போனைப் பிரிச்சு வச்சிருந்தான். பென்டிரைவை அவன் கம்ப்யூட்டர்ல சொருகி அந்த ஃபைலைத் திறந்து வச்சேன்.

"இன்னாடா இது?"

பார்த்ததும் மூஞ்சி செத்துப் போச்சு. "அக்கா, கோச்சிக்காதீங்க. அந்த வருஷம் குப்பத்துல மூணு எடத்துல வுட்டுட்டீங்க. உப்புக் காத்துல கட்டை மக்கர் பண்ணுதுன்னீங்க. நான் உங்க விரலைப் பாத்துக்கினு இருந்தேன். மாமாகிட்ட சொன்னேன். அவருதான், அதுகிட்ட சொல்லாத, அதுக்கு இருக்கிற சந்தோஷம் அது ஒண்ணுதான்னாரு."

"ரெண்டு ஞாயித்துக்கிழமை நான் ஸ்க்ரூ கழட்டினனே, டார்ச் புடிச்சுக்கினு இருந்தியே, அப்பக்கூட வாய் வரலையா உனக்கு?"

"சொல்ல மனசு வரலக்கா."

"உன் மனசை நீயே வச்சுக்கோடா. என் கையைக் குடு"ன்னு கத்தினேன். ரோட்டுல போறவங்க நின்னு பார்த்தாங்க. பார்க்கட்டும்னு இருந்துச்சு. வீட்டுல அவரைக் கேட்டா, அவரும் அதே வார்த்தையைத்தான் சொன்னாரு. சொல்ல மனசு வரலையாம். ரெண்டு பேரும் பேசி வச்ச மாதிரி. பேசித்தான் வச்சிருக்காங்க! என் கையைப் பத்தி ரெண்டு ஆம்பளைங்க பேசி முடிவெடுத்திருக்காங்க, கைக்காரிக்குத் தகவல் இல்ல. மூணு நாள் அவரோட பேசல. நாலாம் நாள் சோத்தை நானே வடிச்சேன், பாதி சோறு சிங்க்ல போச்சு. அவர் வாசல்ல நின்னு பார்த்தாரு, கிட்ட வரல. எனக்கு அழுகையா வந்துச்சு.

குப்பத்துக் கச்சேரிக்கு நாலு வாரம் இருந்துச்சு. இந்த வருஷம் வேணாம்க்கா, வேற ஆளை வச்சுக்கலாம்னான் தம்பி. வாயை மூடுன்னேன். இடது கைக்கு அந்த மெட்டு பழக்கமில்ல, ஆனா வலது கையில எனக்கு இன்னும் மூணு விரல் நல்லாத்தான் இருக்கு. அந்த மெட்டை மூணு விரலுக்கு மாத்தினேன். எங்க தாவணும், எங்க இழுக்கணும், எந்த இடத்துல விட்டுடணும்னு தினம் சாயங்காலம் உக்காந்து பழகினேன். சுழிப்பு ஒண்ணு மட்டும் வரல. ரெண்டாவது வரி முடியறப்ப சுண்டு விரலால சட்டுன்னு மேல போய் இறங்கற ஒரு சின்ன சுழிப்பு, என் கையோட பழக்கம் அது. அதை விட்டுட்டேன். 'அக்கா கை' ஃபைலைத் திரும்ப ஏத்தல, கோடு சாய்வாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். என் கையில எவ்வளவு பலமோ அவ்வளவுதான் கேக்கணும், ஒரு இடத்துல விட்டுப் போனாலும் அது நான் விட்டதா இருக்கணும்னு தம்பிகிட்ட சொன்னேன். இனிமே எதையும் மறைக்க மாட்டேன்னு அவன் கீபோர்டு மேல கை வச்சுச் சத்தியம் பண்ணினான். அக்கான்னு கூப்பிடறவன் சத்தியம் பண்ணினா நம்பாம என்ன பண்றது? நம்பிட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வெயில் இருக்கும்போதே மேடை தயார். ஏரியில இருந்து காத்து வீசுது. தாளம் தவறக் கூடாதேன்னு தம்பியோட பேடுல இருந்து டிக் டிக்குனு வர்ற ஹெட்போனை ஒரு காதுல மாட்டிக்கிட்டேன். வாசிக்கிறது மேடை ஸ்பீக்கர்ல இருந்து இன்னொரு காதுக்குக் கேக்கும். தூரத்துல கரகம் எடுக்கறவர் தண்ணியில இருந்து கரை ஏறினாரு. ஊரு கப்சிப். தம்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினான். ஆரம்பிச்சேன்.

அடடா, அந்த முதல் வரி! மூணு விரலும் சொன்ன பேச்சைக் கேட்டுது. ஒண்ணும் விடல, ஒண்ணும் அறுபடல. நாலு வாரம் பட்ட பாடு வீண் போகல. கீழ நின்னு போன்ல படம் எடுத்துக்கிட்டிருந்த என் புருஷனைப் பார்த்துச் சிரிச்சேன், ஒரு மாசத்துல முதல் தடவையா.

ரெண்டாவது வரி முடிஞ்சுது. சுழிப்பு வந்துச்சு.

நான் வாசிக்கல. என் சுண்டு விரல் கட்டைக்கு மேல சும்மா மடங்கிக் கிடந்துச்சு. ஆனா ஸ்பீக்கர்ல சட்டுன்னு மேல போய் இறங்குச்சு, என் பழைய சுண்டு விரல் பண்ற மாதிரியே. காதுல ஏதோ பிரமைன்னு நினைச்சேன். அடுத்த வரியில வேணும்னே ஒரு கட்டையை விட்டேன். சத்தம் வந்துச்சு. ரெண்டு கட்டையை விட்டேன். வந்துச்சு. கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். குழல் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர்ல என் லைனை மூடி வச்சிட்டு, கை நல்லா இருந்த வருஷத்துல நான் வாசிச்சப்ப அவன் எடுத்து வச்சிருந்த ரெக்கார்டிங்கை பேடுல இருந்து ஓட விட்டிருக்கான். அந்த முதல் வரி கூட நான் வாசிச்சது இல்ல. அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் குச்சியையே பார்த்துக்கினு இருந்தான். எழுந்து போய் வயரைப் புடுங்கி எறியணும்னு உடம்பெல்லாம் துடிச்சுது. ஆனா கரகம் நடந்துக்கிட்டிருக்கு. அந்த மனுஷன் கண்ணை மூடிக்கிட்டு அந்தச் சத்தத்தை நம்பித்தான் ஒவ்வொரு அடியா வைக்கிறாரு. நான் புடுங்கினா அவர் நின்னுடுவாரு, ஊரே கலங்கிடும். அதெல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கான், பாவி. அம்மன் முன்னாடி ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு, என் வாசிப்பை நானே கேட்டுக்கினு உக்காந்திருந்தேன்.

கரகம் இறங்குச்சு. கை தட்டினாங்க. நான் மேடையை விட்டு இறங்கினேன். கீழ அவர் போனை பாக்கெட்டுல போட்டுட்டு, "நல்லா வந்துச்சு"ன்னாரு. அவர் கண்ணைப் பார்த்தேன். அவருக்கும் தெரியும். திரும்பி நடந்துட்டேன்.

கோயில் பக்கம் வருஷா வருஷம் எனக்குக் கூழ் எடுத்து வைக்கிற அக்கா நின்னுட்டிருந்தாங்க. மீன் கூடை தூக்கற அக்கா, என்னை விட ரெண்டு மூணு வயசு பெரியவங்க. அவங்க வீட்டுக்காரர்தான் கரகம் எடுக்கறவரு. கண்ணெல்லாம் தண்ணி. கூழ் சொம்பை என் கையில குடுத்து, அந்தக் கையை அப்படியே புடிச்சுக்கிட்டாங்க.

"இன்னாமா வாசிச்ச! போன வருஷமெல்லாம் கூட ஒரே மாதிரி இருந்துச்சு. இந்த வருஷம் பழையபடி உசுரா இருந்துச்சும்மா. அவருக்குக் காலு வலி, நடக்கமாட்டாருன்னு நெனச்சேன். உன் குழலைப் புடிச்சுக்கினே வந்துட்டாரு."

"நான் வாசிக்கலக்கா"ன்னேன்.

"ஆமா, ஆத்தாதான் வாசிச்சா"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

இல்லக்கா, அது ரெக்கார்டு, உங்களை ஏமாத்திட்டாங்க, என்னையும் சேத்துன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவங்க என் ரெண்டு செத்த விரலையும் தடவிக்கிட்டு, அப்படிச் சந்தோஷமாச் சிரிச்சுக்கினு நின்னாங்க. கூழைக் குடிச்சேன். நல்லா இருக்குக்கான்னு சொம்பைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

தம்பியோட இன்னிக்கு வரைக்கும் நான் பேசல. அவரோட தேவைக்கு மட்டும் பேசறேன். ஆனா அன்னிக்கு வேன்ல திரும்பி வரும்போது, அந்த அக்காகிட்ட ஏன் சொல்லலன்னு என்னை நானே கேட்டுக்கிட்டேன். சொல்ல மனசு வரலன்னு என் வாயிலயே வந்துச்சு. அதுதான் எனக்கு இன்னும் ஆறல.